சிப்பிப் பிடி போட்ட வெள்ளி மடக்குக்கத்தி: புதிதாகச் சேகரிப்பவருக்கு ஓர் அறிமுகம்

மடக்கிய நிலையில் அது ஓர் ஆட்காட்டி விரலின் நீளந்தான் இருக்கும். இருபுறமும் பால் நிறத்தில் மின்னும் சிப்பித் தகடு, முனையில் வெள்ளிப் பூண், நடுவில் பெயரெழுத்துப் பொறிப்பதற்கென்று பதித்த சிறு வெள்ளிக் கேடயம். அலகின் மேற்புறத்தில் உள்ள நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தால் முழுவதும் வெள்ளியாலான அலகு வெளியே வரும். ஆயுதம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒரு தகுதியும் கிடையாது. தடித்த சணல் கயிற்றைக்கூட அது ஒழுங்காக அறுக்காது. பழம் நறுக்குவதற்கென்றே செய்த கத்தி அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதி வரையில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெருவாரியாகவும் பர்மிங்காமில் ஓரளவும் செய்யப்பட்ட இந்தக் கத்திகளே, பழைய மடக்குக்கத்திகளைச் சேகரிக்க நினைப்பவர் தொடங்குவதற்கு ஏற்றவை என்பது என் கருத்து. இன்றும் எளிதில் கிடைக்கின்றன; உள்ளங்கை அளவு இடம் போதும்; எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றில் பெரும்பாலானவை தம் வயதைத் தம் அலகிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

வெள்ளியில் எதற்குக் கத்தி செய்தார்கள் என்ற கேள்விக்கு நம் வீட்டு அரிவாள்மணையே பதில் சொல்லும். இரும்பு அரிவாள்மணையில் வாழைக்காயோ வாழைப்பூவோ நறுக்கினால் அலகும் கறுக்கிறது, நறுக்கிய துண்டும் கறுக்கிறது, கையும் கறுக்கிறது. காயிலும் பழத்திலும் உள்ள துவர்ப்புப் பொருளும் புளிப்பும் இரும்போடு சேர்வதால் ஏற்படும் மாற்றம் இது. ஆப்பிளையும் பேரிக்காயையும் எஃகுக் கத்தியால் நறுக்கிய ஐரோப்பியர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. அலகில் கறை, பழத்தில் இரும்பு வாடை. வெள்ளி அந்தப் புளிப்புக்கு அசைந்து கொடுப்பதில்லை. ஆகவே வசதியுள்ளவர்கள் விருந்தின் முடிவில் பழம் உண்பதற்கும் பயணத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கும் வெள்ளி அலகு போட்ட மடக்குக்கத்தியை வைத்திருந்தார்கள். சிலவற்றில் அலகோடு கூட விதையைக் குத்தி எடுக்கும் சிறு ஊசியோ மடக்கும் முள்கரண்டியோ சேர்ந்திருக்கும். பரிசாகவும் இவற்றைக் கொடுத்தார்கள். கத்தியைப் பரிசளித்தால் நட்பு அறுந்துவிடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் பெற்றுக்கொண்டவர் ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்து அதை 'விலைக்கு வாங்கியது' ஆக்கிவிடுவார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியதும் ஷெஃபீல்டுதான். 1913ஆம் ஆண்டு அந்நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். நாம் எவர்சில்வர் என்று சொல்லும் அந்த உலோகம் கத்திகளுக்குப் பரவியதும், பழத்துக்கென்று தனியாக வெள்ளிக் கத்தி வைத்துக்கொள்ள வேண்டிய தேவை மெல்ல மறைந்தது.

ஷெஃபீல்டு கத்திக்குப் பெயர்போனது வெள்ளிக்கு வெகுகாலம் முன்பே. அங்குள்ள கத்தித் தொழிலாளர் சங்கத்துக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அதிகாரம் கிடைத்தது 1624இல். ஆனால் அந்த ஊரில் வெள்ளிப் பொருளைச் சோதித்து முத்திரையிட அலுவலகம் ஏதும் நெடுங்காலம் இல்லாததால், சரக்கை லண்டனுக்கு அனுப்பித்தான் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. 1773இல் ஷெஃபீல்டுக்கும் பர்மிங்காமுக்கும் ஒரே சட்டத்தின்படி சோதனை அலுவலகங்கள் கிடைத்தன. சிறிய வெள்ளிக் கத்திகள் அந்நகரில் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி சிப்பிக்கு வருவோம். இங்கே சிப்பி என்பது முத்துச்சிப்பியின் உட்புறத்தில் படிந்திருக்கும் ஒளிரும் அடுக்கு. சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த அரகோனைட் என்னும் கனிமம், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெலிந்த சில்லுகளாக, செங்கல் சுவர்போல வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு, இடையிடையே பசைபோன்ற உயிர்ப்பொருளால் இணைக்கப்பட்டிருக்கிறது. சில்லுகளின் தடிமன் ஒளியலையின் நீளத்துக்கு நெருக்கமாக இருப்பதால், வெவ்வேறு அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது. சாயமோ மெருகுப் பூச்சோ எதுவும் இல்லாமல், அமைப்பினால் மட்டுமே வரும் நிறம் இது. பின்னால் சொல்லப்போகும் போலிச் சோதனைக்கும் பராமரிப்புக்கும் இந்த ஒரு செய்திதான் அடிப்படை.

முத்துச்சிப்பி என்றதும் நமக்கு மன்னார் வளைகுடாவும் தூத்துக்குடியும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே முத்துக்காகக் குளித்தெடுத்த சிப்பி சிறியது, ஓடும் மெலிந்தது. கத்திப் பிடிக்கு வேண்டிய தடித்த தட்டையான துண்டு அதில் கிடைக்காது. பிடிக்கு ஏற்றது, ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் வரை அகலம் வளரக்கூடிய பெரிய வெள்ளுதட்டுச் சிப்பி. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலோரத்திலும் தென்கிழக்கு ஆசியக் கடல்களிலும் வாழ்வது அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தர்ஸ்டே தீவும் புரூம் நகரமும் இதன் குளிப்புத் துறைகளாக வளர்ந்தன. மன்னாரில் முத்துதான் வருமானம். புரூமிலோ ஓடுதான் சரக்கு, முத்து கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அந்த ஓடுகளில் பெரும்பகுதி சட்டைப் பொத்தான்களாயிற்று. கத்திப் பிடிக்குப் போனது அதில் ஒரு சிறு பங்கே. இதைத் தவிரக் கருமை கலந்த கருவுதட்டுச் சிப்பியையும், மயிற்கழுத்து நிறத்தில் நெளிநெளியாக மின்னும் அபலோனி என்னும் கடல் நத்தையின் ஓட்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய சிப்பியானாலும் ஓடு வளைந்தது. அதில் வளைவில்லாத ஒரு துண்டு எவ்வளவு நீளத்துக்குக் கிடைக்கிறதோ, அவ்வளவுதான் பிடியின் நீளம். சிப்பிப் பிடிக் கத்திகள் பெரும்பாலும் சிறியவையாக இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. நீளமான பிடி வேண்டுமென்றால் இரண்டு துண்டுகளை ஒட்டிவைத்து, மூட்டை ஒரு வெள்ளிப் பட்டையால் மறைக்க வேண்டும். இந்த வரம்பை மீறிக் காட்டுவதற்கென்றே செய்த ஒன்றும் உண்டு: 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சிக்காக ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் செய்த நார்ஃபோக் கத்தி. 75 அலகுகளும் செதுக்கிய சிப்பிப் பிடியும் கொண்ட அந்த ராட்சதப் படைப்பு ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர் மாளிகையில் வைக்கப்பட்டிருக்கிறது. பையில் போட முடியாத மடக்குக்கத்தி என்றால் அதுதான்.

சிப்பியை அறுப்பதும் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. தூள் நுரையீரலுக்கு ஆகாது, சூடேறினாலும் தகடு வெடித்துவிடும். தேய்த்துச் சமப்படுத்திய தகட்டில் துளையிட்டு, உள்தகட்டோடு சேர்த்து, மெல்லிய ஆணியை நுழைத்து, அதன் தலையைத் தட்டிப் பரப்பி இறுக்குவார்கள். ஆணித்தலையின் மீது விழும் அந்தக் கடைசித் தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தாலும் சிப்பி துளையிலிருந்து கீறிவிடும். பழைய கத்திகளில் நாம் காணும் விரிசல்களில் பெரும்பாலானவை ஆணித் துளையில் தொடங்குவதற்குக் காரணம், சிப்பி வளைந்து கொடுக்காது என்பதுதான்.

முத்திரை வாசிப்பதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். நகைக்கடையில் 916 என்ற எண்ணைப் பார்த்து 22 காரட் என்று புரிந்துகொள்ளும் நமக்கு இது புதிதன்று. ஆங்கிலேய முத்திரையில் எண்ணுக்குப் பதில் படங்கள் இருக்கும், அவ்வளவே. அலகை விரித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சை வைத்து, பிடியை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அலகு ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி. கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் வரி கட்டியதற்கான அடையாளம். அந்த வரி 1784இல் வந்து 1890இல் போனது. ஆகவே வரிக்கான தலை இருக்கும் கத்தி 1890க்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. இடப்பக்கம் நோக்கும் பெண் தலை விக்டோரியா அரசியுடையது. செய்தவரின் பெயரெழுத்துகள் தனியாக இருக்கும். ஷெஃபீல்டில் இந்தக் கத்திகளை ஏராளமாகச் செய்த ஜான் யோமன்ஸ் கவுலிஷாவின் 'ஜே ஒய் சி' என்ற மூன்றெழுத்து, சேகரிப்பவர் கண்ணில் மிக விரைவில் பட்டுவிடும்.

எஞ்சியிருப்பது ஆண்டெழுத்து. ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று மாறிக்கொண்டே வரும். ஷெஃபீல்டில் 1824க்கு முன் எழுத்துகள் அகரவரிசையில் வரவில்லை, மனம்போனபடி தேர்ந்தெடுத்தார்கள். 1824இலிருந்து வரிசையாக வரத் தொடங்கி, 1844, 1868, 1893, 1918 ஆகிய ஆண்டுகளில் மறுபடி 'ஏ' என்ற எழுத்திலிருந்து புதிய சுற்று ஆரம்பமாயிற்று. ஒரே எழுத்து பல சுற்றுகளில் வருமென்பதால் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். இன்னொரு நுணுக்கம்: 1780 முதல் 1853 வரை, ஷெஃபீல்டில் சிறு பொருள்களுக்குக் கிரீடமும் ஆண்டெழுத்தும் ஒரே அச்சில் சேர்ந்து வந்தன. கிரீடத்தைக் காணோம் என்று விற்பவரோடு சண்டைக்குப் போவதற்கு முன், எழுத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டிக் கிரீடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முத்திரை அலகைப் பற்றித்தான் பேசுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பூண் வெள்ளியாக இருக்கலாம், ஜெர்மன் சில்வராகவும் இருக்கலாம். பெயரில் வெள்ளி இருந்தாலும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையான ஜெர்மன் சில்வரில் வெள்ளி கடுகளவும் கிடையாது என்பது பாத்திரக்கடைக்குப் போய்வந்த யாருக்கும் தெரியும். அலகிலேயே சிங்கம் இல்லாமல், அலங்காரக் கட்டங்களுக்குள் வெறும் எழுத்துகள் மட்டும் வரிசையாக இருந்தால், அது பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசியது. தொலைவிலிருந்து பார்த்தால் ஹால்மார்க் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி அடித்தார்கள்.

புதிதாக வருபவர்கள் இந்த முத்திரை வாசிப்பில் மயங்கி, பிடியைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் அனுபவத்தில் விலையைத் தீர்மானிக்க வேண்டியது சிப்பியின் நிலைதான். வெள்ளி வளைந்தால் நிமிர்த்தலாம், கறுத்தால் துலக்கலாம், தளர்ந்த ஆணியைக்கூடக் கைதேர்ந்தவர் இறுக்கிவிடுவார். உடைந்த சிப்பியை ஒட்ட மட்டுமே முடியும். ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும். அழகான அலகும் கீறிய பிடியும் உள்ள ஒன்றைவிட, சாதாரண அலகும் பழுதில்லாத பிடியும் உள்ளதை நான் எடுப்பேன். ஆங்கில ஏலப் பட்டியல்களில் 'ஏ எஃப்' என்று இரண்டெழுத்து போட்டிருந்தால், 'இருக்கிறபடி' விற்கிறோம், குறை இருக்கிறது, பிறகு கேட்காதே என்று பொருள்.

பிடியைப் பார்க்கும் முறை இது. பகலொளியில் மெல்லத் திருப்புங்கள். உண்மையான சிப்பியில் மின்னல் இடம்விட்டு இடம் நகரும், ஒரு பக்கத் தகடு மறுபக்கத் தகட்டைப்போல ஒருபோதும் இராது. தகட்டின் ஓரத்தை லென்சில் பார்த்தால் மரப்பலகையின் வரிபோல மெல்லிய அடுக்குகள் தெரியும். கன்னத்தில் வைத்தால் கல்போலக் குளிரும். மாறாக, தொட்டவுடன் வெதுவெதுப்பாகவும், மின்னல் எங்கும் ஒரே சீராகவும், ஓரத்தில் அடுக்கே இல்லாமலும் இருந்தால் அது செல்லுலாய்டு அல்லது பிற்காலப் பிளாஸ்டிக். சிலர் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யவே வேண்டாம். செல்லுலாய்டு குபீரென்று பற்றிக்கொள்ளும் பொருள். அது பழுதுபடும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் கத்திகளின் எஃகையும் அரித்துவிடும் என்பதால், செல்லுலாய்டுப் பிடி போட்டதைச் சிப்பிப் பிடிகளோடு ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது.

ஒரு பக்கத் தகடு மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்பதை ஆணித்தலைகள் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத்தில் தேய்ந்து சிப்பியோடு சிப்பியாகப் படிந்திருக்க, மறுபக்கத்தில் மட்டும் புத்தம்புதிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு அலகை விரித்து, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். நல்ல கத்தி விரியும்போது முடிவில் 'டக்' என்று ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். மூடும்போது தானாகச் சொடுக்கிக்கொள்ள விடாமல் விரலால் தாங்கி மூடுங்கள். மென்மையான வெள்ளிக் கூர் ஸ்பிரிங்கில் மோதி மழுங்கிவிடும்.

ஆமையோட்டுப் பிடி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் சிப்பிக்கும் ஆமையோட்டுக்கும் ஒரே பொதுச் சொல் வழங்குவதால், விற்பனைக் குறிப்புகளில் இரண்டும் அடுத்தடுத்து வரும். தேன் நிறமும் காப்பி நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்த அந்தப் பிடிகள் அழுங்காமையின் ஓட்டிலிருந்து செய்தவை. அழுங்காமை அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம்; அதன் ஓட்டைப் பன்னாட்டு அளவில் வணிகம் செய்வது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையால் தடுக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் அது இருக்கிறது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

பராமரிப்பில் நம்மவர் செய்யும் தவறு ஒன்று உண்டு, நானே செய்தது. வெள்ளிப் பாத்திரத்தைப் புளி போட்டோ திருநீறு போட்டோ துலக்கிப் பழகிய வீடு எங்களுடையது. முதன்முதலில் வாங்கிய கத்தி கறுத்திருந்ததைப் பார்த்து, புளியைக் கரைத்து அலகிலும் பிடியிலும் பூசி, கால்மணி நேரம் கழித்துக் கழுவினேன். அலகு பளிச்சென்று ஆயிற்று. பிடியின் மேற்பரப்போ சுண்ணாம்பு பூசிய சுவர்போல மங்கிவிட்டது. சிப்பி சுண்ணாம்பு வகை என்று மேலே சொன்னேன்; புளிப்பு எதுவானாலும் அதைக் கரைக்கும். புளி, எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் வெள்ளி முக்கும் திரவம் எல்லாம் இதில் அடக்கம். திருநீறு பிடியைக் கரைக்காது என்றாலும் உராய்ந்து உராய்ந்து முத்திரையின் கூர்மையை மழுக்கிவிடும். சிங்கம் தேய்ந்து பூனையாகிவிட்ட கத்திகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அலகை மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தேவைப்பட்டால் வெள்ளிக்கென்று விற்கும் மெருகுத் துணியை, முத்திரையைத் தவிர்த்து, லேசாகப் பயன்படுத்தலாம். பிடியைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். நீரில் ஊறவைத்தால் உள்ளே எஃகு ஸ்பிரிங் துருப்பிடித்து, சிப்பியின் ஓரத்தில் பழுப்புக் கறை எழும். அலகு மடங்கும் மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகிவிடும். வைக்கும் பெட்டியைத் தேக்கிலோ வேறு நல்ல மரத்திலோ செய்தால் பெருமையாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஓக் போன்ற சில மரங்களிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி, மூடிய அலமாரியில் தங்கி, சிப்பிகளின் மேல் வெண்ணிற உப்பாகப் பூக்கும். அருங்காட்சியகங்களின் சிப்பித் தொகுப்புகளையே பாதித்துள்ள இந்தக் கேட்டுக்குப் பைன் நோய் என்று பெயர் (பைன் என்பது இங்கே ஆள்பெயர், மரமன்று). கண்ணாடிப் பெட்டியோ உலோகப் பெட்டியோ பாதுகாப்பானது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கருங்கோடு போட்டுவிடும்.

கேடயத்தில் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய பெயரெழுத்து பொறித்திருந்தால் விலை குறையும் என்று நினைத்து, அதைத் தேய்த்து அழித்துவிட்டு விற்பவர்கள் உண்டு. அழித்த இடம் நடுவில் குழிந்து, சுற்றியுள்ள சிப்பியைவிடத் தாழ்ந்திருக்கும். விரல்நுனியால் தடவினால் தெரியும். எழுத்து இருப்பதையே நான் விரும்புகிறேன். என்னிடம் உள்ள கத்திகளில் ஒன்றின் கேடயம் வெறுமையாக, சற்றே குழிந்திருக்கிறது. அதன் மேல் வாயால் ஆவி ஊதினால், பனி படர்ந்து மறையும் அந்த இரண்டு மூன்று நொடிகளுக்கு, கொடிபோலச் சுருண்ட ஓர் எழுத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்து மறைகிறது.